திருக்குறுங்குடி சுந்தரம் ஐயங்கார்

பழைய ஏட்டுச் சுவடிகளைத் தேடித் திரிந்து, ஒரு பிரதியிற் சிதைந்த அடியை மற்றொரு பிரதியினின்றும் நிரப்பி, மறைந்துபோக இருந்த நூல்களை மீட்டுத் தந்த பெரியோரின் உழைப்பைத் தமிழ் பயிலும் நாம் நன்கு அறிவோம். அதனை ஒத்த வேறோர் உழைப்பும் நம் நாட்டில் உண்டு. எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிற் பிறந்த ஷெவர்லே, பியூக், டாட்ஜ், போர்டு முதலிய மோட்டார் வண்டிகளைத் துருவினின்றும் மீட்டு மீண்டும் ஓடச் செய்வோர், காணாமற்போன ஒரு மறைக்காகவும் தேய்ந்துபோன ஒரு பற்சக்கரத்துக்காகவும் படும் பாடு, ஏடு தேடியவர் பட்ட பாட்டை நமக்கு நினைவூட்டுவதாகும். அவர்களுக்கு இரண்டு பொருள்கள் இன்றியமையாதன. ஒன்று, பொருத்தமான உதிரிச் சாமான்; மற்றொன்று, அதனைப் பொருத்தும் வகை தெரிந்தவரின் யோசனை. இவ்விரண்டும் தென்னாட்டிலே கிடைக்குமாறு செய்தோருள் முன்னணியில் நின்றவர் மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்கள். டி. வி. எஸ். என்னும் மூன்று எழுத்துக்களை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். ஆயினும் அவ்வெழுத்துக்களுக்குரிய மனிதரின் வரலாற்றை அறிந்தோர் சிலரே. ஆதலின் அதனைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

திருநெல்வேலிச் சீமையில், நம்பி கோயிலாற் புகழ்பெற்ற திருக்குறுங்குடியில், 1877-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் நாள் சுந்தரம் ஐயங்கார் பிறந்தார். தம் பெயரின் முதலெழுத்தாக அவர் இறுதிவரை தாங்கி நின்றது அவ்வூரின் பெயரே. கற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அக்காலத்தில் திறந்திருந்த வழிகள் சிலவே: சட்டம், சர்க்கார் உத்தியோகம், ரெயில்வே, பாங்கு. இவரும் அவ்வழிகளிலேயே நடந்தார். முதலிற் சட்டத்துறையிலும், பின்னர் ரெயில்வேயிலும், அதன்பின் ஒரு பாங்கிலும் வேலை பார்த்தார். மாதந்தோறும் தவறாமற் சம்பளம் தரும் உத்தியோகத்தை விட்டு, வெற்றி தோல்வி தெரியாத வியாபாரத்தில் இறங்குதல் அந்நாளில் அறிவுடைமையாகக் கருதப்படவில்லை. ஆயினும் 1911-ஆம் ஆண்டில், தமது முப்பத்து நான்காம் வயதில், அவர் அதனையே செய்தார். அவ்வாண்டே டி. வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் என்னும் நிறுவனத்தின் பிறப்பாண்டாகும். அடுத்த ஆண்டாகிய 1912-இல் மதுரையில் அவர் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார்.

இன்று பஸ் ஏறுவோருக்கு அத்தொடக்கத்தின் துணிவு எளிதில் விளங்காது. அக்காலத்துச் சாலைகள் மாட்டு வண்டிகளுக்காக அமைந்தவை. மாடு, குதிரைகளின் லாடத்தினின்றும் உதிர்ந்த ஆணிகள் சாலையெங்கும் சிதறிக் கிடந்து மோட்டார் டயர்களைக் குத்திக் கிழித்தன. அவ்வாணிகளைப் பொறுக்குதற்கென்றே காந்தம் பூட்டிய வண்டி ஒன்றை ஐயங்கார் சாலையில் ஓட்டச் செய்தார் என்பர். அவர் நிறுவனத்தின் பஸ்கள் வரும் நேரத்தைக் கொண்டு மக்கள் தம் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டனர் என்று முதியோர் இன்றும் சொல்லுகின்றனர். இவ்விரு செய்திகளும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. வண்டி வாங்குதல் பணத்தால் முடிவது. அது நாள்தோறும் குறித்த நேரத்தில் ஓடுதலோ பராமரிப்பால் மட்டுமே முடிவது. சதர்ன் ரோட்வேஸ் என்னும் பெயரால் நூற்றுக்கணக்கான பஸ்களும் லாரிகளும் பின்னர் ஓடியதற்கு இவ்வுணர்ச்சியே அடிப்படையாகும்.

அமெரிக்காவுக்கும் மதுரைக்கும் தொடர்பு அதற்கு முன்னரே உண்டு. 1834-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் மதுரையில் தன் பணியைத் தொடங்கிப் பள்ளிகளையும் வைத்தியசாலைகளையும் நிறுவிற்று. முதல் உலகப் போருக்குப் பின், அமெரிக்க மோட்டார் வண்டிகள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வரத் தொடங்கின. அவை விலை குறைந்தவை, உறுதியானவை, தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி மிகுந்திருந்தமையால் கரடுமுரடான நம் சாலைகளுக்கு ஏற்றவை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1928-ஆம் ஆண்டில் பம்பாயில் ஒரு தொழிற்சாலை அமைத்து, பகுதி பகுதியாக வந்த வண்டிகளை அங்கேயே கோத்து விற்கலாயினர். 1929-இல் ஷெவர்லே வண்டிக்கு ஆறு சிலிண்டர் எஞ்சின் வந்தது. அந்நிறுவனத்தின் வண்டிகளைத் தென்னாட்டில் விற்கும் உரிமையைச் சுந்தரம் ஐயங்காரின் குடும்பத்தார் பெற்றனர். அதன்பொருட்டு அமைந்த சுந்தரம் மோட்டார்ஸ், பிற்காலத்தில் இந்தியாவிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை மிகுதியாக விற்கும் நிறுவனங்களுள் முதன்மையுற்றது. உதிரிச் சாமான் விற்பனைக்கென்றே மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்னும் தனி நிறுவனமும் எழுந்தது.

இத்தனி நிறுவனம் எழுந்ததை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். புது வண்டி விற்பதில் ஒரே நாளில் மிகுந்த இலாபம் உண்டு. ஒரு பேரிங்கையோ, ஒரு காஸ்கெட்டையோ, ஒரு பிஸ்டன் வளையத்தையோ விற்பதில் வருவது அற்ப இலாபம். அதற்காக ஆயிரக்கணக்கான சிறு பொருள்களை எண்ணிட்டு அடுக்கி, என்று விலைபோகும் என்று தெரியாமற் காத்திருத்தல் வேண்டும். ஆனால் அச்சிறு பொருள் இல்லையாயின் பெருவிலை கொடுத்து வாங்கிய வண்டி கொட்டகையிற் கிடக்கும் வெறும் இரும்பே. அமெரிக்காவினின்றும் கப்பலில் அது வந்து சேர வாரங்கள் பல கழியும். வண்டி விற்றவன் அதனோடு தன் கடமை முடிந்தது என்று கருதாமல், விற்ற வண்டியின் ஆயுள் முழுவதுக்கும் பொறுப்பேற்றலே ஐயங்கார் நம் வணிகருக்குக் காட்டிய அறமாகும்.

எம் ஊராகிய உப்பூர் பெயரிலேயே உப்பைத் தாங்கி நிற்பது. இராமநாதபுரக் கடற்கரையிலே வீசும் உவர்க்காற்று இரும்பை எவ்வளவு விரைவில் தின்றுவிடும் என்பதை நாம் கண்ணாற் கண்டு வளர்ந்தோம். மழையில் நனைந்த இரும்பைவிட உப்பு நீரில் நனைந்த இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும். உப்பு காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். பாம்பன் கடலின் மேல் ரெயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டதேனும், சாலைப் பாலம் 1988-ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. அதுவரை இராமேசுவரத்துக்கு மோட்டார் வண்டி சாலை வழியே செல்ல இயலாது. இத்தகைய சீமையில் ஒரு வண்டி பழுதாகி நின்றால், உரியவனுக்கு நம்பிக்கை தந்தது மதுரையிற் சாமான் கிடைக்கும், பழுது பார்க்கும் ஆளும் கிடைப்பான் என்னும் எண்ணமே அன்றோ?

இரண்டாம் உலகப் போர் இவ்வறத்தைக் கடுமையாகச் சோதித்தது. 1942-ஆம் ஆண்டில் மலேயாவும் பர்மாவும் ஜப்பானியர் கைப்பட்டன. ரப்பரும் பெட்ரோலும் அரியவாயின. அவ்வாண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவிலேயே பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. புது வண்டி இல்லை. பழைய வண்டிக்கு எண்ணெயும் இல்லை. அந்நிலையிலே ஐயங்கார் டி. வி. எஸ். கரிவாயு யந்திரத்தை உருவாக்கி வெளியிட்டார். மூடிய உருளையிலே மரக்கரியை இட்டு, போதிய காற்று விடாமல் எரித்தால் எரியத்தக்க வாயு ஒன்று பிறக்கும். அதனைக் குளிரச் செய்து, சாம்பலும் புகைக்கரியும் நீங்க வடிகட்டி எஞ்சினுக்குள் விடுவதே அதன் முறை. பெட்ரோலில் ஓடுங்கால் உள்ள வலிமை அதில் இல்லை; மேட்டில் ஏறாது நின்ற வண்டியைப் பிரயாணிகள் இறங்கித் தள்ளியதும் உண்டு. எனினும் வண்டி ஓடிற்று. தேய்ந்த டயரைச் சுரண்டி, புது ரப்பர் பதித்து, அச்சிலிட்டுச் சூட்டாலும் அழுத்தத்தாலும் இறுகச் செய்து புதுப்பிக்கும் தொழிலையும் அவர் நிறுவனம் மேற்கொண்டது. தேய்ந்தது என்று எறியாமல், மீட்டுப் பயன்கொள்ளுதல் வறுமைக்கு அடையாளமன்று, அறிவுக்கு அடையாளம் என்பதை அவ்வாண்டுகள் நாட்டுக்குக் கற்பித்தன.

அவர் குடும்ப வாழ்க்கையிலும் ஒரு செய்தி குறிக்கத்தக்கது. அவர் மகளார் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்ணின் வாழ்வு அத்துடன் முடிந்தது என்று சமூகம் கருதிய காலம் அது. பெற்றோர் அவரைக் கல்வி பயிலத் தூண்டினர். அவர் டெல்லி சென்று மருத்துவம் கற்று, 1936-இல் தேர்ச்சி பெற்றார். 1940-ஆம் ஆண்டில் காந்தியடிகளின் ஆசியுடன் ஜி. இராமச்சந்திரனை மணந்தார், 1947-இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமம் தோன்றுதற்குக் காரணராயினார்.

இனி, ஐயங்காரின் மேல் ஒரு குறையும் கூறக்கூடும். சுதேசி இயக்கம் மேலோங்கிய நாட்டிலே, அந்நிய நாட்டு வண்டியையும் அந்நிய நாட்டுச் சாமானையும் விற்றவர்தாமே அவர் என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. அதற்கு விடையை அவர் காலத்துக்குப் பின் நிகழ்ந்தவற்றிற் காண்கின்றோம். உள்நாட்டிலேயே உறுப்புக்களைச் செய்ய முன்வராத மோட்டார் நிறுவனங்கள் இந்தியாவில் வண்டி கோத்து விற்றல் கூடாது என்னும் கொள்கையை அரசாங்கம் 1953-இல் மேற்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் தன் பம்பாய்த் தொழிற்சாலையை மூடிற்று. மறு ஆண்டு, 1955 ஏப்ரல் 28-ஆம் நாள், சுந்தரம் ஐயங்கார் கோடைக்கானலில் தமது எழுபத்தெட்டாம் வயதிற் காலமானார். வண்டிகள் தாயற்ற பிள்ளைகளாயின. அவற்றைப் பேணக் கற்பித்தவரும் மறைந்தார்.

ஆயினும் அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. உதிரிச் சாமானை அடுக்கி விற்ற குடும்பம் அதனைச் செய்யவும் கற்றது. 1960-இல் சக்கரங்கள் செய்யும் வீல்ஸ் இந்தியாவும், 1961-இல் மின்சார உறுப்புக்கள் செய்யும் லூக்காஸ் டி. வி. எஸ். நிறுவனமும், 1962-இல் பிரேக்குகள் செய்யும் பிரேக்ஸ் இந்தியாவும், அவற்றையடுத்து மறையாணிகள் செய்யும் சுந்தரம் பாஸ்டனர்ஸும் தோன்றின. அவர் தொடங்கிய பஸ் தொழில் 1972-இல் நாட்டுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயிற்று. அவர் வளர்த்த உறுப்புத் தொழிலோ கடல் கடந்தது. 1990-களில், அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் ரேடியேட்டர் மூடிகளைச் செய்து அனுப்பியது சென்னைச் சுந்தரம் பாஸ்டனர்ஸே. எந்நாட்டு உறுப்புக்காக நாம் கப்பலை எதிர்நோக்கி இருந்தோமோ, அந்நாடு நம் உறுப்புக்காகக் கப்பலை எதிர்நோக்கிற்று. சுதேசி பற்றிய வினாவுக்கு இதனினும் சிறந்த விடை வேறு வேண்டுமோ?

இன்று பழைய அமெரிக்க வண்டிகளை மீட்க முயல்வோர் இவ்வரலாற்றினின்றும் கொள்ளத்தக்கன பல. எஞ்சினிலும் அடிச்சட்டத்திலும் வெட்டப்பட்டுள்ள எண்களை முதலிற் படித்தல் வேண்டும். வண்டி பிறந்த ஆண்டையும் உரிய உறுப்பையும் அவையே உணர்த்தும். உறுப்புக்கள் யாவும் அங்குல அளவின. இக்காலத்து மில்லிமீட்டர் ஸ்பானர் கொண்டு திருகினால் மறையின் முனை மழுங்கிவிடும். 1954 வரை வந்த ஷெவர்லே வண்டிகளின் மின்சாரம் ஆறு வோல்ட். பன்னிரண்டு வோல்ட் பாட்டரியை வைத்தால் விளக்குகள் கருகும். 1937 முதல் 1953 வரை வெளிவந்த 216 கன அங்குல எஞ்சினின் பேரிங்குகள் வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றிச் செய்யப்பெற்றவை. கடையில் வாங்கி மாட்டத்தக்கவை அல்ல. அவற்றை ஊற்றவும் கடையவும் தெரிந்த கைகள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. பெட்ரோல் செலவுக்கு அஞ்சிப் பலர் பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்தினர். அவ்வாறு எறியப்பட்டவற்றை இன்று சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளிற் குவியல் குவியலாகக் கிளறித் தேடவேண்டியிருக்கிறது. சாமானையாவது கடல் கடந்து தருவிக்கலாம். முதிய மெக்கானிக்கு ஒருவர் தம் விரல் நுனியில் வைத்திருக்கும் அறிவு அவரோடு மறைந்துவிடின், அதனை எந்நாட்டினின்றும் தருவிக்க இயலாது. ஆதலின் உறுப்பைத் தேடுமுன் அவரைத் தேடுதல் வேண்டும்; அவர் சொல்வதை எழுதிவைத்தலும் வேண்டும். ஏடு பெயர்த்தெழுதும் பணி நமக்குப் புதிதன்று.

கல்லூரி மாணவராகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பட்டம் பெற்றவன் கையில் எண்ணெய்க் கறை படலாகாது என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. சட்டமும் பாங்குக் கணக்கும் கற்ற ஒருவர் அவற்றை விட்டுப் பட்டறையின் வாயிலில் நின்றதனால், எத்தனை குடும்பங்களின் அடுப்பு எரிந்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐந்து தாலந்துகளைப் பெற்றவன் அவற்றை மண்ணிற் புதைக்காமல் வேறு ஐந்து தாலந்துகளைச் சம்பாதித்த உவமையை நம் கல்லூரிச் சிற்றாலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றோம். அவ்வுவமைக்கு உரை காண விரும்புவோர், திருக்குறுங்குடியிற் பிறந்து மதுரையில் உழைத்த இப்பெரியாரின் வாழ்க்கையையும் ஒருமுறை படிப்பாராக.