காந்தியின் சாப்பாட்டுச் செலவுக்கே ‘நோ’ சொன்ன தமிழர்... பேரிடர் நிதியைக் காத்த ஜே.சி.குமரப்பா யார்?

வெள்ளம், புயல், நிலச்சரிவு... எங்கே எது நடந்தாலும் கொஞ்ச நேரத்திலேயே நம்ம வாட்ஸ்அப்புக்கு ஒரு க்யூஆர் கோடு வந்துவிடுகிறது. கூடவே ஒரு போட்டோ, ஒரு வேண்டுகோள். பலரும் யோசிக்காமல் 100 ரூபாயோ 500 ரூபாயோ அனுப்பிவிடுகிறோம். அந்தப் பணம் யாருக்குப் போனது, எப்படிச் செலவானது என்று பிறகு யாரும் கேட்பது கிடையாது.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. 2018 கேரள வெள்ளத்தின்போது கொங்கு மண்டலத்திலிருந்து அரிசி, பெட்ஷீட், துணிமணி ஏற்றிய வண்டிகள் வாளையார் வழியாகப் போயின. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவின்போதும் உதவிகள் கிளம்பின. காலேஜ் என்.எஸ்.எஸ். மாணவர்கள் முதல் ஊர் இளைஞர்கள் வரை தன்னார்வலர்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனா, நிவாரணப் பணியில் கஷ்டமான வேலை எது? மண் அள்ளுவதா, மூட்டை தூக்குவதா? கணக்கு வைப்பதுதான் என்று 90 வருஷத்துக்கு முன்பே செய்து காட்டினார் ஒரு தமிழர். அதற்காக காந்தியிடமே கறாராக நடந்துகொண்டார். அவர்தான் ஜே.சி.குமரப்பா.

கோவையில் காந்தி... பீகாரில் பேரழிவு!

1934 ஜனவரி 15. மதியம் 2 மணி தாண்டிய நேரம். நேபாளத்தின் கிழக்குப் பகுதியை மையமாகக் கொண்டு சுமார் 8 ரிக்டர் அளவில் பூமி குலுங்கியது. பீகாரில் முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் இடிந்து விழுந்தன. இரு பகுதிகளிலும் சேர்த்து 10,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்தச் சமயத்தில் காந்தி இருந்தது தென்னிந்தியாவில். தீண்டாமை ஒழிப்புக்காக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். குன்னூரில் சில நாள் தங்கிவிட்டு, பிப்ரவரியில் கோவை, திருப்பூர் பக்கம் வந்தார். கோவை போத்தனூரில் ஜி.டி.நாயுடுவுக்குச் சொந்தமான வீட்டில் அவர் தங்கிய இடம் இன்றும் நினைவிடமாக இருக்கிறது. அந்தப் பயணம் முழுக்க பீகார் மக்களுக்காகவும் உதவி கேட்டார். நாடு முழுக்க இருந்து பணம் பீகாருக்குப் போனது.

பீகாரில் நிவாரண வேலையைக் கையில் எடுத்தவர் ராஜேந்திர பிரசாத். பின்னாளில் இந்தியாவின் முதல் குடியரசுத் தலைவரான அதே ராஜேந்திர பிரசாத்தான். நிலநடுக்கம் நடந்தபோது அவர் கைதி. உடல்நிலை மோசமாகி சிகிச்சையில் இருந்தவரை, 2 நாள் கழித்து ஆங்கிலேய அரசு விடுதலை செய்தது. வெளியே வந்ததும் பீகார் மத்திய நிவாரணக் குழுவை உருவாக்கினார். லட்சக்கணக்கில் நிதி குவிந்தது. ஆயிரக்கணக்கில் தொண்டர்கள் வந்தார்கள்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். பல ஊர்களில் முகாம்கள், பல கைகளில் பணம். இதற்கெல்லாம் யார் கணக்கு வைப்பது? நிதிப் பொறுப்பில் இருந்த ஜம்னாலால் பஜாஜுக்கு நம்பிக்கையான ஒரு ஆடிட்டர் தேவைப்பட்டார். காந்தி அனுப்பி வைத்த ஆள்தான் குமரப்பா.

யார் இந்த குமரப்பா?

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில், வசதியான தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். அப்பா பொதுப்பணித் துறை ஊழியர். சென்னையில் பள்ளிப்படிப்பை முடித்து, லண்டன் போய் ஆடிட்டர் ஆனார். பம்பாய் திரும்பி சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தினார். கோட்டு, சூட்டு, கை நிறைய வருமானம் என்று வாழ்க்கை நன்றாகத்தான் போனது.

1927-ல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்த பிறகு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று அவர் பேசிய ஒரு பேச்சு பத்திரிகையில் செய்தியாக வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மேன், அதையே ஆராய்ச்சி செய்யச் சொன்னார்.

அந்த ஆராய்ச்சிதான் அவரை மாற்றியது. இந்தியர்கள் கட்டும் வரி எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தப் பணம் மக்களுக்குத் திரும்பி வரவில்லை, ஆட்சியை நடத்தவும் ராணுவத்துக்குமே பெரும்பகுதி போகிறது என்பது எண்களிலேயே தெரிந்தது. வருமானக் கணக்கும் செலவுக் கணக்கும்தான் அவரைத் தேசியவாதி ஆக்கியது.

நாடு திரும்பியதும் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவைத் தன் பெயராக்கிக்கொண்டார்.

சாணம் மெழுகிய தரையில் சூட்டுப் போட்ட ஆடிட்டர்

தன் ஆராய்ச்சியைப் புத்தகமாக்கும் யோசனையோடு 1929 மே 9-ம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மரத்தடியில் ஒரு பெரியவர் சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்று குமரப்பாவுக்கு முதலில் தெரியவே இல்லை. தெரிந்ததும் அந்த வெளிநாட்டு உடுப்போடு அதே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஆராய்ச்சியைத் தன் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்ட காந்தி, இன்னொரு வேலையும் கொடுத்தார். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள மாத்தர் தாலுகா கிராமங்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுக்க வேண்டும். குஜராத் வித்யாபீடத்தில் பேராசிரியராகச் சேர்ந்த குமரப்பா, மாணவர்களை அழைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். ஒவ்வொரு குடும்பத்தின் வரவு, செலவு, கடன் என எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள்.

இன்றைக்கு என்.எஸ்.எஸ். மாணவர்கள் 7 நாள் சிறப்பு முகாமுக்கு ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து சர்வே எடுக்கிறார்கள் இல்லையா? கிட்டத்தட்ட அதே வேலையை, என்.எஸ்.எஸ். தொடங்குவதற்கு 40 வருஷம் முன்பே அந்த மாணவர்கள் செய்தார்கள்.

பிறகு உப்பு சத்தியாகிரகம், யங் இந்தியா ஆசிரியர் பொறுப்பு, சிறை என்று காலம் ஓடியது. அதன் பிறகுதான் பீகார் அழைப்பு வந்தது.

பீகாரில் என்னதான் வேலை?

நிலநடுக்கம் என்றால் இடிந்த வீடுகள் மட்டும் என்று நினைப்போம். பீகாரில் நடந்தது அதைவிடக் கொடுமை. பூமி குலுங்கியதில் அடியில் இருந்த மணலும் தண்ணீரும் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தன. வயல்களை மணல் மூடியது. கிணறுகள் மணலால் தூர்ந்துபோய், குடிக்கத் தண்ணீர் இல்லை.

இன்னொரு பக்கம், கரும்பு வெட்டும் பருவம் அது. சர்க்கரை ஆலைகள் சேதமாகிவிட்டதால் விளைந்த கரும்பு வயலிலேயே நின்றது. கரும்பு போட்ட கொங்கு விவசாயிகளுக்கு இதன் வலி புரியும். வெட்டுவது தள்ளிப்போகப் போக கரும்பு காய்ந்து எடையும் போகும், காசும் போகும். மாடு கட்டி இழுக்கும் ஆலைகளைக் கொண்டுவந்துதான் ஓரளவுக்குச் சமாளித்தார்கள்.

இடிபாடுகளை அகற்றுவது, கிணறு தூர்வாருவது, குடிசை போடுவது, மருந்து, துணி, தானியம் கொடுப்பது என்று தொண்டர்களுக்கு ஓயாத வேலை. சுவிட்சர்லாந்திலிருந்து பியர் செரசோல் என்ற இன்ஜினியர்கூட வந்து சேர்ந்தார். ராணுவ சேவைக்குப் பதிலாக மக்கள் சேவை என்ற கொள்கையோடு சர்வதேசத் தொண்டர் அமைப்பைத் தொடங்கியவர் அவர். வெள்ளமும் தாக்கிய கிராமங்களுக்கு, மேடான இடத்தில் புது வீடுகள் கட்ட அவரும் அவருடைய தொண்டர்களும் உழைத்தார்கள்.

தொண்டருக்கு ஒரு நாளைக்கு 3 அணா!

இத்தனை பேர் வேலை செய்தால் அவர்களுக்கும் சாப்பாடு வேண்டும். அந்தச் செலவு நிவாரண நிதியிலிருந்துதான் வர வேண்டும். இங்கே குமரப்பா ஒரு கோடு போட்டார். ஒரு தொண்டருக்குச் சாப்பாட்டுக்காக ஒரு நாளைக்கு 3 அணா, அவ்வளவுதான். 16 அணா சேர்ந்தது ஒரு ரூபாய். அப்படிப் பார்த்தால் 3 அணா என்பது ஒரு ரூபாயில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

மார்ச் மாதம் காந்தி பீகாருக்கு வந்தார். கூடவே செயலாளர் மகாதேவ் தேசாய் உட்பட ஒரு குழு. காந்தியின் உணவு எளிமையானதுதான். ஆனா ஆட்டுப்பால், பழம் என்று பார்த்தால் 3 அணாவுக்குள் அடங்காது. கூட வந்தவர்களின் செலவு வேறு.

மகாதேவ் தேசாயிடம் குமரப்பா நேராகவே சொல்லிவிட்டார். இது பாதிக்கப்பட்டவர்களுக்கான பணம், காந்தி குழுவின் செலவை இதிலிருந்து கொடுக்க முடியாது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று. தேசாய்க்கு அதிர்ச்சி. காந்தி வந்திருப்பதே நிவாரண வேலைக்காகத்தானே? விஷயம் காந்தியிடம் போனது. காந்தி குமரப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார். குமரப்பா தன் கணக்கை விளக்கினார். காந்தி ஏற்றுக்கொண்டார். தன் குழுவின் செலவு நிவாரண நிதியில் சேரக் கூடாது என்பதில் காந்தியும் உறுதியாக நின்றார்.

இன்னொரு சம்பவமும் உண்டு. குழுக் கூட்டத்துக்காகப் பாட்னா வந்த காந்தி, குமரப்பாவைப் பார்க்க விரும்பினார். குமரப்பாவோ கூட்டத்தில் வைக்க வேண்டிய கணக்கை முடித்துக்கொண்டிருந்தார். முன்கூட்டியே நேரம் குறிக்காததால் இப்போது வர முடியாது என்று சொல்லி அனுப்பினார். நாடே பார்க்கத் தவம் கிடந்த மனிதர் காத்திருந்தார். கணக்கு முடிந்த பிறகுதான் சந்திப்பு.

இவ்வளவு கறார் தேவையா?

காந்தி குழுவின் சாப்பாட்டால் நிதி காலியாகிவிடப் போவதில்லை. அது குமரப்பாவுக்கும் தெரியும். ஆனா ஒருவருக்கு விதிவிலக்கு கொடுத்தால் அடுத்து வருகிற தலைவருக்கும் கொடுக்க வேண்டும். அவரோடு வருபவர்களுக்கும் கொடுக்க வேண்டும். அப்புறம் 3 அணாவில் வயிற்றைக் கட்டி வேலை செய்த தொண்டருக்கு என்ன பதில் சொல்வது? காலணா, அரையணா என்று கொடுத்து உதவிய ஏழைக்கு என்ன பதில் சொல்வது?

வேறொன்றும் இருக்கிறது. அது ஆங்கிலேய ஆட்சிக் காலம். அரசு தனியாக வைஸ்ராய் நிதி திரட்டிக்கொண்டிருந்தது. காங்கிரஸ்காரர்கள் வசூலித்த பணத்தில் ஒரு சின்னக் குளறுபடி வந்தாலும், இந்தியர்களுக்குப் பொதுப்பணத்தை நிர்வகிக்கத் தெரியாது என்ற பேச்சுக்கு அதுவே போதும். குமரப்பாவின் கணக்குப் புத்தகம் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை.

கல்லுப்பட்டி வரை

பீகார் வேலையைப் பார்த்த பிறகு காந்தி அவரை விடவில்லை. அதே 1934-ல் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் வார்தாவில் தொடங்கப்பட்டபோது குமரப்பாதான் செயலாளர். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, வெல்லம், கையால் செய்யும் காகிதம் என்று கிராமத் தொழில்களுக்கு உயிர் கொடுக்கப் பாடுபட்டார். வெள்ளையனே வெளியேறு காலத்தில் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய முக்கியமான புத்தகத்தை எழுதினார். இயற்கை கொடுப்பதைவிட அதிகமாகப் பிடுங்கினால் அது நிலைக்காது என்பதுதான் அதன் அடிப்படை. மரபுத் தொழில்நுட்பம், இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் இன்றும் அவரைத் தேடிப் படிப்பது இதனால்தான். நம்மாழ்வாரும் குமரப்பாவின் சிந்தனையால் ஈர்க்கப்பட்டவர்.

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸின் விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். பதவி அரசியலுக்குள் போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். 1960 ஜனவரி 30-ம் தேதி சென்னையில் காலமானார். காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஜனவரி 30.

1969 செப்டம்பர் 24-ம் தேதி, காந்தி நூற்றாண்டு ஆண்டில், 37 பல்கலைக்கழகங்களில் என்.எஸ்.எஸ். தொடங்கப்பட்டது. குமரப்பா அதைப் பார்க்கவில்லை. ஆனா இன்று வெள்ளத்துக்கும் புயலுக்கும் முதலில் ஓடிப்போகிற மாணவர்களுக்கு அவர் வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கிறது.

முகாமில் ஒருவர் மூட்டை தூக்குவார், ஒருவர் சமைப்பார். ஒரு ஓரமாக உட்கார்ந்து வந்த பணம் எவ்வளவு, போன பொருள் எவ்வளவு என்று நோட்டில் எழுதுகிறவரை யாரும் போட்டோ எடுப்பதில்லை. அவரும் நிவாரணப் பணிதான் செய்கிறார். அடுத்த முறை ஒரு க்யூஆர் கோடு வரும்போது தாராளமாக உதவுங்கள். கூடவே, கணக்கு யார் வைக்கிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். காந்தியிடமே கேட்டிருக்கிறார்கள், அவரும் கோபப்படவில்லை.