தபால் ஆபீஸிலிருந்து மைதானத்துக்கு!

கால்பந்து என்றதும் உங்களுக்குக் காலால் உதைத்து ஆடும் உருண்டைப் பந்துதானே நினைவுக்கு வரும்? அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் வேறு ஆட்டம். பந்து இரு முனையும் கூம்பி, முட்டை போல இருக்கும். அதைக் கையில் அணைத்தபடி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். பெயரில்தான் கால், வேலையெல்லாம் கைக்கும் தோளுக்கும்தான்! இந்த ஆட்டத்தில் கல்லூரி அணியின் பயிற்சியாளராகப் பெரும்புகழ் பெற்றவர் நூட் ராக்னி.

இவர் 1888 மார்ச் 4 அன்று நார்வே நாட்டின் வோஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா குதிரை வண்டி செய்பவர். சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வண்டியுடன் போன அவர், 1893-இல் குடும்பத்தையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டார். அப்போது நூட்டுக்கு 5 வயது.

வளர்ந்ததும் கல்லூரிக்குப் போகப் பணமில்லை. சிகாகோ தபால் நிலையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். மற்றவர்கள் பட்டம் வாங்கும் வயதில், அதாவது 22 வயதில், இண்டியானா மாநிலத்தின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வேதியியலில் கெட்டிக்காரர்.

1913 கோடை விடுமுறையில் அவரும் நண்பர் கஸ் டோரேயும் ஓஹியோவில் ஓர் ஏரிக்கரை விடுதியில் வேலைக்குச் சேர்ந்தனர். ஓய்வு நேரத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? மணலில் ஒருவர் பந்தை வீச, மற்றவர் ஓடிக்கொண்டே பிடிப்பார். பந்தை முன்னோக்கி வீசலாம் என்று 1906-லேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் பல அணிகள் முட்டி மோதி முன்னேறுவதையே நம்பின. அந்த நவம்பர் 1 அன்று ராணுவக் கல்லூரியின் பலமான அணியுடன் போட்டி. டோரே நீளமாக வீச, ராக்னி ஓடிப் பிடிக்க, ராணுவ வீரர்கள் திகைத்துப் போனார்கள். நோட்டர் டேம் 35–13 என வென்றது!

படிப்பு முடிந்ததும் அங்கேயே வேதியியல் கற்பித்தபடி துணைப் பயிற்சியாளர் ஆனார். 1918-இல் தலைமைப் பயிற்சியாளர். முரட்டு உடம்பைவிட வேகத்தையும் யோசனையையுமே அவர் பெரிதாக மதித்தார். 1924-இல் அவருடைய புகழ்பெற்ற நான்கு வீரர்களின் சராசரி எடை சுமார் 72 கிலோதான்! முதலில் இரண்டாம் வரிசை வீரர்களை இறக்கி எதிரணியைக் களைக்க வைப்பார். பிறகுதான் இவர்கள் வருவார்கள். குறும்பான தந்திரம், இல்லையா? அந்த ஆண்டு ஒரு போட்டியிலும் தோல்வி இல்லை.

எப்போதும் வெற்றிதான் என்று நினைத்துவிடாதீர்கள். 1928-இல் 9 போட்டிகளில் 4 தோல்வி. மறுஆண்டு காலில் ரத்தக்குழாய் நோய். ரத்தக்கட்டி இதயத்துக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அவரோ சக்கர நாற்காலியில் மைதானத்துக்கு வந்து பயிற்சி தந்தார். புது மைதானம் கட்டப்பட்டு வந்ததால் சொந்த மைதானத்தில் ஒரு போட்டிகூட இல்லை. ஆனாலும் ஒன்பதிலும் வெற்றி! 1930-இல் பத்துக்குப் பத்து. மொத்தம் 13 ஆண்டுகளில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமன்.

1931 மார்ச் 31 அன்று லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விமானத்தில் புறப்பட்டார். கன்சாஸ் மாநிலத்தில் விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 8 பேரும் இறந்தனர். ராக்னிக்கு வயது 43. அந்த விமானத்தின் இறக்கை மரத்தால் ஆனது. ஈரம் புகுந்து ஒட்டுப் பசை இளகியிருந்தது. நாடே அழுததால் அரசும் விமான நிறுவனங்களும் விழித்துக்கொண்டன. சோதனைகள் கடுமையாயின. அதன்பின் பயணிகள் விமானங்கள் முழுக்க உலோகத்தில் வரத் தொடங்கின.