ஒட்டுதலை அறிவியலாக்கிய நோர்மன் டி புரோய்ன்

எஃகு மூட்டுகளுக்குள் கார்பன் இழைக் குழாய்களைச் செருகி, பசையால் ஒட்டி, கையாலேயே மிதிவண்டிச் சட்டம் செய்யும் கைவினைஞர்கள் இன்று பல நாடுகளில் உள்ளனர். கார்பன் குழாயைப் பற்றவைக்க முடியாது. வெப்பத்தில் அதன் பிசின் கருகிவிடும். எனவே, ஓட்டுபவரின் உயிர் மெல்லிய பசைப் படலம் ஒன்றை நம்பியிருக்கிறது. உலோகத்தைப் பசையால் ஒட்டி உயிரையே ஒப்படைக்கலாம் என்று உலகுக்கு மெய்ப்பித்தவர்களில் முதன்மையானவர் நோர்மன் டி புரோய்ன்.

இவர் 1904-ஆம் ஆண்டு சிலி நாட்டின் தென்கோடியிலுள்ள புந்தா அரேனாஸ் நகரில் பிறந்தார். தந்தை டச்சுக்காரர், தாய் ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் இயற்பியல் ஆய்வு செய்தார். ஆனால், அவர் மனம் வானூர்திகளை நாடியது. ‘ஸ்நார்க்’ என்ற நான்கு பேர் அமரும் மரவிமானத்தைத் தாமே வடிவமைத்து, 1934-இல் தாமே ஓட்டியும் பார்த்தார்.

அக்கால விமானங்களை ஒட்டிய பாற்புரதப் பசை ஈரத்தில் இளகும், பூஞ்சணம் பிடிக்கும். இந்தக் குறையைத் தீர்க்க, டக்ஸ்ஃபோர்ட் என்னும் ஊரில் இயங்கிய தம் சிறிய நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1937-இல் ஈரத்தைத் தாங்கும் ‘ஏரோலைட்’ பசை பிறந்தது. ஆளி நாரைப் பிசினில் தோய்த்து, போர்க்காலத்தில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் உடற்பகுதி ஒன்றையும் சோதனைக்காகச் செய்தனர். இன்றைய கார்பன் இழைக் குழாய்க்கு அதை மூத்த உறவு எனலாம்.

1941-இல் உலோகத்தை ஒட்டும் ‘ரீடக்ஸ்’ பசையைக் கண்டார். திரவப் பிசினைப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் தூளைத் தூவி, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக்குவது அதன் முறை. ‘ஹோர்னெட்’ போர் விமானத்தில் மரமும் உலோகமும் இப்பசையால் இணைந்தன. 1950-களில், அவசரகாலத்தின்போது, அவ்விமானங்கள் பட்டர்வொர்த்திலும் தெங்காவிலும் நம் புழுக்கத்தைத் தாங்கிப் பறந்தன.

பசையைக் கண்டதோடு அவர் நின்றுவிடவில்லை. மூட்டு ஏன் உடைகிறது என்றும் ஆராய்ந்தார். இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளத்தைக் கூட்டினால் பலமும் அதே அளவில் கூடும் என்று நாம் எண்ணுவோம். அது தவறு; விசை ஓரங்களிலேயே குவிகிறது. படியும் நீளத்தோடு தகட்டின் கனத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று 1944-இல் காட்டினார்.

இந்தப் பாடம் மிதிவண்டிக்கும் பொருந்தும். குழாயை ஆழமாகச் செருகினால் மட்டும் போதாது. எஃகு மூட்டின் ஓரத்தை மெல்லியதாகச் சீவ வேண்டும். இரு பரப்புகளையும் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, பிறகு விரல் படாமல் ஒட்ட வேண்டும். கார்பன் எஃகை நேரடியாகத் தொட்டால் வியர்வையும் மழையும் பட்டு எஃகு அரிக்கும். ஆதலால், இடையில் பசை எங்கும் விட்டுப்போகக் கூடாது. 1980-களில் பிரான்சின் வித்துஸ் நிறுவனம் பசையால் ஒட்டிய அலுமினியச் சட்டங்களில் அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி பல பந்தயங்களை வென்றபோது, பசை மூட்டின் மீதிருந்த ஐயம் குறைந்தது.

போருக்குப் பின் அவருடைய நிறுவனம் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தின் கைக்குப் போனது. 1967-இல் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1997-இல், தமது 92-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஒட்டிய மூட்டைப் பிரித்துப் பார்க்காமல் அதன் தரத்தை அறிவது அரிது. செய்தவரின் நேர்மையே அதற்கு முதல் உத்தரவாதம். நாளை பொறியியலாளராகப் போகும் நம் ஒவ்வொருவருக்கும் டி புரோய்னின் வாழ்க்கை விட்டுச்சென்ற பாடம் இதுவே.