கோட்டையூர் தந்த வள்ளல்

வள்ளல் என்றவுடன் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியே நம் நினைவுக்கு வருவான். அவன் வாழ்ந்தது பன்னூறு ஆண்டுகளுக்கு முன். நம் பாட்டனார் காலத்தில் வாழ்ந்த ஒரு வள்ளலைப் பற்றி இங்கே கூற விழைகின்றோம்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அழகப்பச் செட்டியார் பிறந்தார். சென்னையில் எம்.ஏ. பட்டம் பெற்று, இலண்டன் சென்று பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் கற்றார். கேரளத்தில் நூற்பாலை நிறுவிப் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டிய கதையைவிடக் கொடுத்த கதையே பெரிது. 1947இல் காரைக்குடியில் கல்லூரி கண்டார். பெண்கள் கல்விக்கெனத் தாம் குடியிருந்த வீட்டையே ஈந்தார்.

அக்காலத்தில் இந்திய அரசு பல ஊர்களில் விஞ்ஞான ஆய்வுக்கூடங்கள் அமைக்க முனைந்தது. அவற்றுள் ஒன்று, பெருநகரங்களை விடுத்து வறண்ட செம்மண் பூமிக்கு வந்தது எங்ஙனம்? அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 25-7-1948 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை 14-1-1953 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நோயுற்றிருந்த அழகப்பர், 48 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னர், 5-4-1957 அன்று மறைந்தார். மலாயா விடுதலை பெற்றதும் அவ்வாண்டில்தான்.

மின்சாரத்தால் ஒரு பொருளை வேறொன்றாக்கும் கலையே மின்வேதியியல். அங்கும் உலகின் பிற ஆய்வுக்கூடங்களிலும் இன்று ஆராயப்படும் ஒரு கேள்வி நம் தோட்டத்துக்கும் நெருக்கமானது. 10,000 பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 4 பங்கே. அவ்வளவு சிறிதாயினும், தேயிலைச் செடி அதனை வெயிலின் துணையால் தளிராக்கிவிடுகிறது. மனிதர் அதனை மின்சாரத்தால் பயனுள்ள பொருளாக்க இயலுமா?

இயலும். கரியமில வாயு கரைந்த நீரில் வெள்ளீயத் தகட்டை எதிர்மின் முனையாக வைத்து மின்சாரம் செலுத்தினால் பார்மிக் அமிலம் கிடைக்கிறது. ரப்பர்த் தோட்டத்தில் உறவினர் உள்ளோர் அதனை அறிவர். பாலை உறையவைக்க ஊற்றுவது அதுவே. வெள்ளீயமோ நம் அண்டை மாநிலமான பேராக்கின் பழஞ்செல்வம்!

இடர் எங்கே எனில், வாயு செறிவின்றிக் கலந்திருப்பதில்தான். காற்றையோ ஆலைப் புகையையோ அப்படியே செலுத்தினால், அதிலுள்ள பிராணவாயு மின்சாரத்தைப் பறித்துக்கொள்கிறது. நீரும் தன் பங்கிற்கு எடுத்துக்கொண்டு நீர்வாயுக் குமிழிகளாகிறது. காரக் கரைசலில் வாயுவைப் பிடித்து, பின்னர் சூடாக்கிப் பிரிக்கலாம்; அதற்குச் செலவு மிகுதி. ஆகவே பிடித்த கரைசலையே நேராக மின்கலத்தில் செலுத்திப் பார்க்கின்றனர். மின்சாரமும் நிலக்கரியை எரித்துப் பெற்றதாயின், பிடித்த வாயுவைவிட வெளிவிட்ட வாயுவே மிகும். நம் ரிங்லெட் ஏரி நீர் தருவது போன்ற மின்சாரமே இதற்கு ஏற்றது. சோதனைக் கூடத்தில் கைகூடிய இது, காற்றிலுள்ள வாயுவைக் கொண்டு ஆலையில் செய்யும் அளவுக்கு இன்னும் விலை குறையவில்லை.