கைவிளக்கேந்திய காரிகை எதிர்த்த பரீட்சை



இந்த மாதச் சுவர் இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னாங்க. நான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை எடுத்துக்கொண்டேன். அவங்க கையில் விளக்கு வைத்திருப்பாங்க, அது நம்ம எல்லாருக்கும் தெரியும். நானும் அது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எங்க பெரியம்மா மகள் நர்சிங் முதலாம் ஆண்டு படிக்கிறாங்க. லீவுக்கு வந்தப்போ அந்த அக்கா சொன்ன ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமா இருந்தது. அதை எழுதத்தான் இவ்வளவும்.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் இத்தாலி நாட்டில் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஊர்ப் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். இவருடைய அக்கா நேப்பிள்ஸ் நகரத்தில் பிறந்ததால் அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தனோப் என்பதை வைத்தார்களாம். (நம்ம ஊர்ப் பெயரை எனக்கு வைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துச் சிரித்தேன்.)

இங்கிலாந்தில் பெரிய பணக்காரக் குடும்பம். அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குக் கல்லூரி கிடையாது. அப்பாவே வீட்டில் வைத்து லத்தீன், கிரேக்கம், வரலாறு, கணக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். அம்மையாருக்குக் கணக்கு என்றால் ரொம்பப் பிடிக்கும். 1837-ல், 16 வயதில், கடவுள் தன்னை ஒரு வேலைக்கு அழைக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. என்ன வேலை என்று புரிய வருஷக்கணக்கில் ஆனது.

1845-ல் ஆஸ்பத்திரியில் போய் நர்ஸ் வேலை கற்றுக்கொள்கிறேன் என்று வீட்டில் கேட்டார். அம்மாவும் அக்காவும் அழுது ஆர்ப்பாட்டம் செய்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அப்போது நர்ஸ் வேலைக்குப் படிப்பு எதுவும் இல்லை. வேறு வேலை கிடைக்காதவர்கள் வருவார்கள். பலர் குடித்துவிட்டு வார்டிலேயே கிடப்பார்களாம். நல்ல வீட்டுப் பெண் அங்கே போவதா என்று தடுத்துவிட்டார்கள்.

அம்மையார் எதிர்த்துப் பேசவில்லை, விடவும் இல்லை. விடியும் முன்னால் எழுந்து ஆஸ்பத்திரி அறிக்கைகளைப் படித்துக் குறிப்பு எடுப்பார். பிறகு காலை உணவுக்கு ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து உட்காருவார். தேடி வந்த நல்ல மாப்பிள்ளையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசியில் 1851-ல், 31 வயதில், ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற இடத்தில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தார். 14 வருஷம் காத்திருந்ததற்கு மூன்று மாதம்!

1853-ல் லண்டனில் ஒரு சிறிய மருத்துவமனையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிடைத்தது. அடுத்த வருஷமே போர் வேலை வந்துவிட்டது. ரஷ்யாவுக்கு எதிராக இங்கிலாந்து, பிரான்சு, துருக்கி மூன்றும் சண்டை போட்டன. அதுதான் கிரிமியப் போர். காயம்பட்ட வீரர்களைக் கவனிக்க ஆள் இல்லை என்று பத்திரிகையில் செய்தி வந்தது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரைப் போகச் சொன்னார். 38 நர்சுகளோடு கிளம்பி 1854 நவம்பரில் துருக்கியில் ஸ்கூட்டாரி என்ற இடத்துக்குப் போனார். கிளம்பும் நேரத்தில் அவர் செல்லமாக வளர்த்த ஏதெனா என்ற ஆந்தை இறந்துபோனது. ஆந்தையை அபசகுனம் என்று நம்ம பக்கம் சொல்வோம். அவர் அதற்காக அழுதார்.

ஸ்கூட்டாரியில் எலி, நாற்றம், அழுக்குத் துணி. கட்டுப்போடத் துணி இல்லை, சோப்பு இல்லை. அம்மையார் கையில் இருந்த பணத்தில் சாமான் வாங்கினார். துணி துவைக்க வெந்நீர்க் கொப்பரை வைத்தார். நோயாளிக்குத் தனிச் சமையல் ஏற்பாடு செய்தார். ராத்திரியில் விளக்கோடு சுற்றி வந்தார். அந்த விளக்கு படத்தில் வருகிற மாதிரி அலாவுதீன் விளக்கு கிடையாது. துருக்கிக்காரர்கள் வைத்திருந்த மடக்குக் கூண்டு விளக்கு.

இவ்வளவு செய்தும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்கள்தான் அதிகம். ஏனென்றால் கட்டடத்துக்கு அடியிலேயே சாக்கடை அடைத்துக் கிடந்தது. மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்து, குடிதண்ணீர் வழியைச் சரிசெய்தது. ஜூனில் அது நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மையார் இந்தக் கணக்கை எல்லாம் போட்டுப் பார்த்தார். விளக்கும் அன்பும் மட்டும் போதாது, காற்றும் சாக்கடையும்தான் முக்கியம் என்று தெரிந்தது. அதை அரசாங்கத்துக்குப் புரியவைக்க 1858-ல் வட்டமாக, விசிறி விசிறியாகப் படம் போட்டார். நமக்குக் கணக்கில் வருகிற வட்ட விளக்கப்படம் மாதிரிதான், கொஞ்சம் வேற.

மக்கள் அவர் பெயரில் சேர்த்துக் கொடுத்த நிதியில் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்சிங் பள்ளி தொடங்கினார். ஒரு வருஷப் பயிற்சி. தங்க இடம், சாப்பாடு, சீருடை எல்லாம் உண்டு. ஒவ்வொரு பெண்ணுக்கும் மாதாமாதம் குறிப்பு எழுதுவார்கள். நேரம் தவறாமை, அமைதி, நம்பிக்கை, சுத்தம், வார்டைக் கவனிக்கும் விதம் என்று தனித்தனியாக. நம்ம ரேங்க் கார்டு மாதிரி. அங்கே படித்தவர்கள் பல ஊர்களுக்குப் போனார்கள். 1868-ல் லூசி ஆஸ்பர்ன் என்பவரோடு சில நர்சுகள் ஆஸ்திரேலியாவில் சிட்னி வரைக்கும் போனார்கள்.

இனிமேல்தான் அக்கா சொன்ன விஷயம்.

1887-ல் எதெல் பெட்போர்ட் பென்விக் என்ற அம்மா நர்சுகளுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார். இவர் 24 வயதிலேயே லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனைக்குத் தலைமை நர்ஸ் ஆனவர். நர்ஸ் என்றால் இத்தனை வருஷம் படித்து, பொதுவான பரீட்சை எழுதி, அரசாங்கப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும் என்று இவர் கேட்டார். அதை யார் எதிர்த்தது தெரியுமா? நைட்டிங்கேல் அம்மையாரேதான்! பரீட்சை ஞாபகசக்தியைத்தான் சோதிக்கும், குணத்தைச் சோதிக்காது என்பது அவர் கட்சி. ஒரு தடவை பதிவேட்டில் ஏறிய பெயர் பிறகு வேலையில் எப்படி இருந்தாலும் அப்படியே இருக்குமே என்றும் கேட்டார். பென்விக் அம்மா கட்சி வேறு. படித்தவரும் படிக்காதவரும் ஒரே மாதிரி வெள்ளை உடை போட்டுக்கொண்டு வந்தால் படுத்திருக்கிற நோயாளி எப்படிக் கண்டுபிடிப்பார் என்பது அது.

முதலில் நான் நைட்டிங்கேல் அம்மையார் பக்கம்தான். ஏனென்றால் எங்க அக்கா அனாடமி தாளில் பெயில். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போ புத்தகம், பரீட்சை எல்லாம் இங்கிலீஷ். பதில் தெரிந்தும் எழுத வரலை என்று எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ராத்திரி அழுதாங்க. ஆனா எங்க பாட்டிக்குக் காலில் புண் வந்தப்போ பாட்டி முகம் சுளிக்காமல் கட்டு மாற்றியது அந்த அக்காதான். அதுக்கு எந்தத் தாளில் மார்க் போடுவாங்க?

அப்புறம் தாத்தா ஞாபகம் வந்தது. ஊசி போடத் தெரியும் என்று ஒருத்தர் வீட்டுக்கு வந்து தாத்தாவுக்கு ஊசி போட்டார். அது சீழ் பிடித்து, பெரியாஸ்பத்திரியில் கீறி எடுக்க வேண்டியதாயிற்று. ஊசி போட்டவர் என்ன படித்தார், எங்கே படித்தார் என்று வீட்டில் யாருமே கேட்கலை. அவர் நல்லாத்தான் பேசினார். அப்போ பென்விக் அம்மா சொன்னதும் சரிதானே? எனக்கு இன்னும் குழப்பம்தான். கடைசியில் அக்காவிடம் கேட்டேன். தாத்தாவுக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது என்றால் அந்தத் தாளை எழுதித்தான் ஆகணும் என்று சொல்லிவிட்டாங்க.

சண்டை 30 வருஷத்துக்கு மேல் நடந்தது. அதற்குள் 1901-லேயே நியூசிலாந்து நாடு நர்சுகளுக்குப் பதிவுச் சட்டம் போட்டுவிட்டது. நைட்டிங்கேல் அம்மையார் உடம்பு முடியாமல் பல வருஷம் படுக்கையில் இருந்தே எழுதிக்கொண்டிருந்தார். இந்தியாவின் சுகாதாரம் பற்றியும் நிறைய எழுதினார், ஆனால் இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் காலமானார். கல்லறையில் முழுப்பெயர்கூட இல்லை, முதலெழுத்து இரண்டும் தேதிகளும் மட்டும்தான். இங்கிலாந்தில் 1919-ல் சட்டம் வந்தது. 1921-ல் திறந்த பதிவேட்டில் முதல் பெயர் பென்விக் அம்மாவுடையது. நம்ம சென்னை மாகாணத்தில் 1926-ல் நர்சுகளுக்கும் தாதிகளுக்கும் பதிவுச் சட்டம் வந்தது. எங்க அக்கா பெயரும் படித்து முடித்ததும் சென்னையில் அப்படித்தான் பதிவாகணும்.

இப்போ அக்கா அந்தத் தாளை மறுபடியும் எழுதப் போறாங்க. சாயங்காலம் போனில் கூப்பிட்டால் நான் எலும்புப் பெயராகக் கேட்கணும். கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. தோள்பட்டை எலும்புக்கு ஸ்கேப்புலா. அக்காவுக்குப் பெயர் எல்லாம் வருது, ஸ்பெல்லிங்தான் உதைக்குது. நேற்று 20 கேட்டேன், 17 சரி.