மகியாவையில் உறங்கும் தேயிலை முன்னோடி

திகனையிலிருந்து குண்டசாலை வழியாகக் கண்டிக்குப் பயணம் செய்வோரில் எத்தனை பேர், தும்பறைப் பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் கோப்பித் தோட்டங்களின் நிலமாக இருந்ததை எண்ணிப் பார்க்கின்றனர்? அந்தக் கோப்பி வீழ்ந்தபோது மலைநாட்டைத் தாங்கியது தேயிலையே. அதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் டெய்லர், கண்டி மகியாவை மயானத்தில் உறங்குகின்றார்.

1835ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிராமமொன்றில் எளிய குடும்பத்தில் பிறந்த டெய்லர், சிறுவயதிலேயே தாயை இழந்தவர். 1852இல், 17 வயது நிறைவதற்கு முன்னரே, கோப்பித் தோட்ட உதவியாளராக இலங்கைக்கு வந்தார். ஒப்பந்தம் மூன்றாண்டுகளுக்கே. ஆனால் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துர தோட்டமே அவரது வாழ்நாள் முழுவதற்கும் உறைவிடமாயிற்று.

1867இல் அங்கு 19 ஏக்கரில் அவர் தேயிலை பயிரிட்டார். பங்களா விறாந்தையிலேயே கொழுந்து கையால் உருட்டப்பட்டது. 1874இல் தேயிலைத் தொழிலைக் கற்பதற்காக டார்ஜிலிங் சென்றதே அவர் மேற்கொண்ட ஒரே விடுமுறைப் பயணம் எனலாம்.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. தோட்ட உரிமையாளர் பலர் கடனில் மூழ்கினர். அவ்வேளையில் லூல்கந்துரவின் அனுபவமே ஏனையோருக்குப் பாடமாயிற்று. 19 ஏக்கரில் தொடங்கிய பயிர், அந்நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்தது.

இம்மாற்றம் பயிரோடு நின்றுவிடவில்லை. கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேயே அதிக ஆட்கள் தேவைப்பட்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். எனவே தமிழகத்திலிருந்து வந்துபோன தொழிலாளர், குடும்பங்களுடன் லயன்களில் நிலைகொண்டனர். தவளம் ஓட்டிய காலந்தொட்டே மலைநாட்டு வாணிபத்தில் ஈடுபட்டுவந்த முஸ்லிம்களின் வாழ்வும், தோட்டங்களை அண்டிய கடைவீதிகளால் இப்புதிய பொருளாதாரத்தோடு பிணைந்தது.

டெய்லரின் முடிவு துயரமானது. 1892இல் தோட்ட நிர்வாகம் அவரைப் பதவி விலகுமாறு பணித்தது. அவர் வெளியேற மறுத்தார். அவ்வாண்டு மே 2ஆம் திகதி, 57ஆம் வயதில் வயிற்றோட்ட நோயினால் காலமானார். நான்கு தசாப்தங்கள் உழைத்த மனிதரை நிர்வாகம் கைவிட்டது. தொழிலாளரோ கைவிடவில்லை, அவரது உடலை முறைவைத்துச் சுமந்து கண்டிவரை கொண்டுவந்தனர்.

டெய்லருக்குக் கல்லறை உண்டு. சுமந்து வந்தோரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர்களது சந்ததியினர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாடற்றவராயினர். 2003இல் இயற்றப்பட்ட சட்டமே எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமைக்கு வழிதிறந்தது. ஆயினும் சொந்தக் காணியும் வீடும் பலருக்கு இன்னமும் கனவாகவே உள்ளன. முன்னோடியைப் போற்றுவதில் தவறில்லை. அவரோடு அந்த மலையைப் பண்படுத்தியோரின் வழித்தோன்றல்களுக்கு நிலத்தில் உரிய பங்கை வழங்குவதே அந்த வரலாற்றுக்குச் செய்யும் நேர்மையான மரியாதையாகும் என்பது நமது கருத்து.