கேளாச் செவியில் பிறந்த இசை
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

இன்றைய ஜெர்மனியில் உள்ள பான் நகரில் 1770-ஆம் ஆண்டு பிறந்தவர் இசைமேதை பீத்தோவன். தந்தை அரண்மனைப் பாடகர், குடிக்கு அடிமையானவர். மகனை இன்னொரு மொசார்ட் ஆக்கிக் காசு பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. பத்து வயதளவில் சிறுவனின் பள்ளிப் படிப்பு நின்றது. பெருக்கல் கணக்கு கடைசிவரை அவருக்கு வரவில்லை என்று படித்தபோது, துணைப்பாடமான கணிதத்தில் தடுமாறும் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1792-இல் வியன்னா சென்றார். பியானோ வாசிப்பில் பெரும்புகழ் பெற்றார். அந்த நேரத்தில்தான், சுமார் 27 வயதில், காதில் ஓயாத இரைச்சல் தொடங்கியது.

எது முதலில் போயிற்று என்பது கவனிக்கத்தக்கது. நாடக அரங்கில் தள்ளி அமர்ந்தால் உயர்ந்த சுருதிகள் கேட்கவில்லை. மெல்லப் பேசினால் குரல் கேட்டது, சொல் விளங்கவில்லை. உரக்கக் கத்தினாலோ தாங்க முடியவில்லை. விசைத்தறிக் கூடத்தில் இருபது ஆண்டுகள் உழைத்த என் தந்தையாரிடமும் இதையே காண்கிறேன். அவருக்குத் தறிச் சத்தம் காரணம். பீத்தோவனுக்கு அப்படியொரு காரணம் இல்லை. ஆயினும் அறிகுறிகள் ஒன்றே.

காதில் குறும்பி அடைத்தாலும், சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்தாலும் காது மந்தமாகும். அடைப்பு நீங்கினால் கேள்திறன் திரும்பிவிடும். பெருஞ்சத்தத்தில் நின்றுவிட்டு வந்தால் ஏற்படும் மந்தமும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளியும். தொடக்க காலத்தில் தந்தையாருக்கு இரவில் அடைத்த காது காலையில் திறந்துவிடுமாம். ஆனால் உட்செவியில் நத்தைக்கூடு போல் சுருண்ட குழல் ஒன்று உண்டு. அதிலுள்ள ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்களே ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. மனிதரில் அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. குழலின் வாயிலருகே இருப்பவை உயர் அதிர்வெண்களை வாங்குபவை. பெரும்பாலும் முதலில் கெடுபவையும் அவையே.

இதெல்லாம் அக்காலத்தில் யாருக்குத் தெரியும்? குணமாகிவிடும் என்றே பீத்தோவன் நம்பினார். மருத்துவர்கள் காதில் வாதுமை எண்ணெய் விட்டனர். டான்யூப் ஆற்று நீரை வெதுவெதுப்பாக்கிக் குளிக்க வைத்தனர். கைகளில் கொப்புளம் எழுப்பும் மரப்பட்டையைக் கட்டினர். வலிதான் மிஞ்சியது. இசைக் கலைஞனுக்குக் காது கேட்கவில்லை என்று எப்படி வெளியே சொல்வது? 1801-இல் நெருங்கிய நண்பர்கள் இருவருக்கு மட்டும் எழுதி, மறைத்து வைக்கும்படி வேண்டினார். விருந்துகளுக்குப் போவதை விட்டார். ஊரார் அவரை மனிதரை வெறுப்பவர் என்றனர். என் தந்தையாரும் சில ஆண்டுகளாக உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு வருவதில்லை. ஏதோ மனத்தாங்கல் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

1802-இல் மருத்துவர் ஷ்மிட் சொற்படி ஹைலிகன்ஸ்டாட் என்ற கிராமத்தில் ஓய்வெடுத்தார். உடன் உலாவிய மாணவர் ரீஸ், இடையன் ஒருவன் குழலூதுவதைச் சுட்டிக்காட்டினார். அரைமணி நேரம் உற்றுக் கேட்டும் பீத்தோவன் காதில் ஒன்றும் விழவில்லை. அந்த அக்டோபரில் தம்பியர் இருவருக்கும் உயில் போன்றதொரு மடல் எழுதினார். உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியதையும், கலையே தம்மைத் தடுத்ததையும் அதில் சொல்லியிருந்தார். மடலை அனுப்பவில்லை.

1809-இல் நெப்போலியனின் படை வியன்னாவைப் பீரங்கியால் தாக்கியபோது, தம்பி வீட்டு நிலவறையில் தலையணைகளால் காதுகளைப் பொத்திக்கொண்டு கிடந்தார். எஞ்சிய சிறிதளவு செவியும் போய்விடக் கூடாதே என்ற அச்சம்! பின்னர் மெல்சல் செய்து தந்த ஊதுகுழல் போன்ற கருவிகளைக் காதில் வைத்துப் பார்த்தார். 1818 முதல் பார்க்க வருவோர் ஏட்டில் எழுதிக் காட்டினர்.

1824 மே 7 அன்று ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியது. அவர் மேடையில் நின்று தாளம் காட்டினார். இசைஞர்களோ உம்லாஃப் என்பவரின் கையையே பார்த்து வாசித்தனர். கைதட்டல் அவருக்குக் கேட்கவில்லை. பாடகி கரோலின் உங்கர் அவரை அவையை நோக்கித் திருப்பிவிட்டார். அப்போதுதான் அசையும் கைகளைக் கண்டார்.

1827 மார்ச் 26-இல் இறந்தார். பிணப் பரிசோதனையில் செவி நரம்புகள் சுருங்கியிருந்தன. அனுப்பாத அந்த மடல் அவர் தாள்களிடையே கிடைத்தது. தாம் இறந்தபின், மருத்துவர் ஷ்மிட் உயிருடன் இருந்தால் தம் நோயைப் பற்றி எழுதச் சொல்லுங்கள் என்று தம்பியரைக் கேட்டிருந்தார். ஷ்மிட் 1809-லேயே காலமாகிவிட்டார். பீத்தோவனின் தலைமயிரிலிருந்து மரபணுக்களை எடுத்து ஆராய்ந்த அறிஞர்களும், செவி போனதற்குக் காரணம் அகப்படவில்லை என்றே 2023-இல் அறிவித்தனர்.